இரு நிறத் துவக்கு



1980களின் பிற்பகுதியில் ஒருநாட் காலை. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு வந்துகொண்டிருந்த பேருந்து வழியில் நிறுத்தப்பட்டது. பயணிகள் யாவரும் இறங்கி வரிசையில் நின்றோம். அக்காலத்தில் அது நாள்தோறும் நிகழ்வதுதான். அதனை இங்கு விரித்துரைப்பது என் நோக்கமன்று. அப்போது நான் சாதாரண தர வகுப்பு மாணவன். ஆயுதம் தாங்கியவரின் முகத்தை நிமிர்ந்து பார்க்கலாகாது என்று வாப்பா சொல்லி வைத்திருந்தார். ஆதலால் என் கண்கள் அவர் கையிலிருந்த துவக்கிலேயே தங்கிவிட்டன.

அந்தத் துவக்கு இரு நிறமாக இருந்தது. அதன் உலோக உடலின் மேற்பாதி மாரிகால மேகம் போன்ற சாம்பல் நிறம். கீழ்ப்பாதி கறுப்பு, அந்தக் கறுப்பிலும் வெயில் பட்ட இடத்தில் நாவற்பழத் தோலின் ஊதாச் சாயல் தெரிந்தது. "இஃது உடைந்த இரண்டு துவக்குகளைச் சேர்த்து ஒட்டியது, இது சுடாது" என்று எனக்குள்ளேயே முடிவு கட்டிக்கொண்டேன். அந்த முடிவு அன்று எனக்குச் சிறிது தைரியத்தையும் தந்தது. அது முற்றிலும் பிழையான முடிவு என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். எப்படிப் பிழையானது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

துப்பாக்கியைத் துவக்கு என்பது எங்கள் கரையோரத்து வழக்கு. துப்பாக்கி, துவக்கு ஆகிய இரு சொற்களையும் துருக்கி மொழிச் சொல்லொன்றின் வழிவந்தனவாக அறிஞர் கொள்வர். நான் பழகிய சொல்லையே இங்கும் ஆளுகின்றேன்.

பேருந்து வரிசையில் கண்ட துவக்குக்கு முன்பே வேறொரு துவக்கை நான் அறிவேன். அது என் மூத்தவாப்பாவினுடையது. கல்முனைக்கு மேற்கேயுள்ள வயல் வட்டையில், கதிர் முற்றும் காலத்தில் காட்டுப்பன்றியையும் யானையையும் விரட்டுவதற்காக அதனை வாடியில் வைத்திருந்தார். வாய்வழியே மருந்தும் ஈயமும் இடித்து, கேப்பு வைத்துச் சுடும் பழைய ஆங்கிலத் துவக்கு அது. அதற்கும் நிறம் ஒன்றன்று. நீண்ட குழல் பழுப்பு நிறம். சுத்தியல் பொருந்திய பக்கத் தகட்டில் நீலமும் வைக்கோல் மஞ்சளும் சாம்பலும் கலந்து, எண்ணெய் மிதக்கும் நீர்போலத் தோன்றும். திருகாணிகளின் தலைகள் கருநீலம். விசையைச் சுற்றிய காப்பு மாத்திரம் பித்தளை. சிறுவனாகிய நான், ஏன் இத்தனை நிறம் என்று கேட்டேன். "ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேலை மகன்" என்று சொல்லிவிட்டுத் தேங்காயெண்ணெய்த் துணியை என் கையில் தந்தார். அவர் பாடசாலை வாசலை அதிகம் மிதித்தவரல்லர். ஆயினும் இந்தப் பொருள்பற்றி நான் பின்னர் படித்தவற்றில் பெரும்பகுதி அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கும்.

பழைய கம்மியர் இரும்புக்கு நிறம் பூசவில்லை. இரும்பிலிருந்தே நிறத்தை வருவித்தார்கள். குழலைப் பழுப்பாக்க விரும்பினால், உப்பும் அமிலமும் சேர்ந்த ஒரு நீரை அதன்மீது தடவி, ஈரமான இடத்தில் வைத்து, வேண்டுமென்றே துருவேற விடுவார்கள். மறுநாள் தளர்ந்த துருவைத் தேய்த்து நீக்கிவிட்டு மீண்டும் தடவுவார்கள். பல நாட்கள் இவ்வாறு செய்தபின், நெருக்கமான, மெல்லிய பழுப்புப் படலம் ஒன்று இரும்போடு இரும்பாக ஒட்டி நிற்கும். அதன் மேல் எண்ணெய் ஏற்றினால் புதிய துரு எளிதிற் பிடிக்காது. துருவைத் துருவாலே தடுத்த முறை இது. அந்தச் செந்துருவைக் கொதிநீரில் வேகவைத்தால் அது கருமையாக மாறும். அப்படிப் பெற்றதே கருநீலம்.

பக்கத் தகட்டின் பல்வண்ணம் வேறு வகையானது. அதனுள்ளே விசையும் வில்லும் ஓயாது உராய்வதால் மேற்பரப்பு கடினமாக இருத்தல் வேண்டும். எனவே எலும்புக் கரியும் தோற்கரியும் நிறைந்த இரும்புப் பெட்டியில் தகட்டை அடைத்து, செஞ்சூடாகக் காய்ச்சி, நீரில் திடீரென அமிழ்த்துவார்கள். கரி இரும்பின் தோலுக்குள் ஏறி அதனைக் கடினமாக்கும். நிறங்கள் அந்த வேலையின் பக்கவிளைவாகத் தோன்றியவை. அழகாக இருந்தமையால் அவற்றை அழிக்காது விட்டார்கள். சிறு வில்லுகளையும் திருகாணிகளையும் வெப்பத்தாற் பதப்படுத்துவர்; ஏறக்குறைய 230 பாகை செல்சியசில் உருக்கு வைக்கோல் நிறமாகும், 300 பாகையளவில் நீலமாகும். வெப்பமானி கையில் இல்லாத கம்மியனுக்கு அந்நிறமே வெப்பமானி. ஆகவே அக்காலத்துத் துவக்கில் நிறம் வேறுபடுவது குறையன்று. எல்லாப் பாகமும் ஒரே நிறமாக இருந்தாற்றான் அறிந்தவன் ஐயப்படுவான்.

நம் நாட்டின் பழைய துவக்குகளும் இதற்குச் சான்று கூறும். போர்த்துக்கேயர் 1505இல் இந்நாட்டை அடைந்தபின், இங்குள்ள கம்மியர் துவக்குத் தொழிலை மிக விரைவிற் கற்றுக்கொண்டனர். கண்டி அரசின் பட்டடைகளிற் செய்யப்பட்ட துவக்குகளின் பூட்டு இடப்பக்கத்தில் அமைந்திருப்பது அவற்றின் தனி அடையாளம். இரும்புக் குழலிற் பித்தளையும் வெள்ளியும் பதிக்கப்பட்டிருக்கும். கட்டையில் தந்தம் இழைத்தவையும் உண்டு. பி. ஈ. பி. தெரணியகலை இந்நாட்டின் ஆயுதங்களையும் கவசங்களையும் பற்றி 1942இல் எழுதிய ஆராய்ச்சி இன்றும் நோக்கத்தக்கது.

இவ்வரிசையில் மிகச் சிறந்தது லெவ்கே திசாவையின் பீரங்கி. கண்டி மன்னருக்கு 1740களில் அன்பளிப்பாக அளிக்கப்பட்ட அச்சிறு பீரங்கியின் குழல் வெண்கலத்தாலானது. பொன், வெள்ளி, மாணிக்கக் கற்கள் ஆகியவற்றால் அணிசெய்யப்பட்டது. 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது எடுத்துச் செல்லப்பட்டு, நெடுங்காலம் ஆம்ஸ்ரடாம் நூதனசாலையில் இருந்தது. 2023இல் நம் நாட்டுக்குத் திரும்பிக் கொழும்பு தேசிய நூதனசாலையைச் சேர்ந்தது. எங்கள் பாடசாலைப் பிள்ளைகளைக் கொழும்புக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வதுண்டு: பிள்ளைகளை அதன் முன்னால் ஐந்து நிமிடமாவது நிற்கவிடுங்கள், ஆண்டுகளை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள், எத்தனை உலோகம் தெரிகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். அந்த மாணிக்கக் கற்களைப் பற்றிப் பின்னர் ஒன்று சொல்லவேண்டும். நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்க.

அப்படியானால், ஒரு துவக்கு முழுவதும் ஒரே கறுப்பாக இருத்தல் வேண்டும் என்ற எண்ணம் எப்போது பிறந்தது? அது படைகளோடு பிறந்தது. 1796இலிருந்து இந்நாட்டுக் கரையோரங்களை ஆண்ட ஆங்கிலேயரின் சிப்பாய்கள் 'பிரௌன் பெஸ்' என்ற துவக்கை ஏந்தினர். பெயரிற் பழுப்பு இருந்தும், அதன் குழலைச் சிப்பாய்கள் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல் வைத்திருந்தார்கள் என்பது வேடிக்கை. அணிவகுப்பில் ஆயிரம் குழல்கள் மின்னுவது அக்காலத்துப் பெருமை. மறைந்திருந்து குறிபார்த்துச் சுடும் றைபிள் வீரருக்கோ அந்த மினுக்கமே பகை. அவர்களுடைய குழல்கள் பழுப்பாக்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்வழக்கம் ஏனைய துவக்குகளுக்கும் பரவியது. மலாய் வீரர் பெருமளவிற் சேவைசெய்த இலங்கை றைபிள் படைப்பிரிவின் காலம் அது. அந்நூற்றாண்டின் முடிவில் மறைவும் மங்கலும் படைத்தொழிலின் விதிகளாகிவிட்டன. 1949இல் அமைக்கப்பட்ட இலங்கைத் தரைப்படை முதலில் ஏந்திய லீ என்பீல்ட் றைபிளில் மினுங்கும் பாகம் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு.

நிறத்தை ஒன்றாக்கும் விருப்பத்துக்குப் பின்னால் வேறொரு பெரிய எண்ணமும் நின்றது. 1785இல் பிரான்சு நாட்டுக் கம்மியர் ஒனோரே பிளாங்க் துவக்குப் பூட்டுகள் பலவற்றின் பாகங்களைப் பிரித்துத் தனித்தனிக் குவியலாக வைத்தார். கைக்கு அகப்பட்டதை அகப்பட்டபடி எடுத்துப் பூட்டினாலும் எல்லாம் பொருந்தின. அதனை நேரிற் கண்டு வியந்தவர்களில் அமெரிக்கத் தூதுவர் தோமஸ் ஜெபர்சனும் ஒருவர். எந்தத் துவக்கின் பாகமும் எந்தத் துவக்குக்கும் பொருந்தும் என்ற அந்தக் கனவு, அடுத்த நூற்றாண்டிலே தொழிற்சாலைகளில் நனவாயிற்று. அளவுகோல்கள் நுண்மையாயின, மயிரிழைக்கும் குறைந்த வேறுபாட்டையும் அவை காட்டின. அளவை இப்படிக் கட்டிவிட்டார்கள். நிறம் அவர்களுக்குக் கட்டுப்படவில்லை. அலுமினியம் வந்ததும் அது முற்றிலும் கைந்நழுவியது.

அலுமினியம் நமக்கு முதலில் அடுக்களைப் பொருள். சென்னைக் கலைப் பள்ளியின் பொறுப்பிலிருந்த அல்பிரட் சற்றர்டன் 1898இல் அங்கு அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடக்கினார். 1886இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் இருவர் தனித்தனியே கண்டறிந்த மின்முறையால் அலுமினியத்தின் விலை சரிந்ததே அதற்கு வழிசெய்தது. ஆனால் தூய அலுமினியம் மென்மையானது. அடுக்களைக்குப் போதும், ஆகாய விமானத்துக்குப் போதாது. விமானத்துக்கென்று செம்பும் மகனீசியமும் சேர்த்த கலப்புலோகங்கள் உண்டாயின. அவை வலிமையுடையனவாயினும் கடற்காற்றில் அரிபட்டன. கடல்விமானங்களின் பாகங்களைக் காப்பதற்கென்றே இங்கிலாந்தில் 1923இல் பெங்கோ, ஸ்ருவர்ட் என்ற இருவர் ஒரு முறையைக் கண்டனர். பொருளைக் குரோமிக்கமிலத் தொட்டியில் நேர்மின்வாயாகத் தொங்கவிட்டு மின்னோட்டம் செலுத்துவது அம்முறை. நேர்மின்வாய்க்கு ஆங்கிலத்தில் அனோட் என்று பெயர். அதனால் இத்தொழிலை அனோடைஸ் செய்தல் என்பர். 1927இல் சல்பூரிக்கமில முறை வந்தது. இன்று பெரும்பாலும் வழங்குவது அதுவே.

அத்தொட்டியில் நிகழ்வது பூச்சு அன்று என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகின்றேன். அமில நீரிலுள்ள ஒட்சிசனோடு அலுமினியம் தானே சேர்ந்து, தன் உடலிலிருந்தே ஒரு தோலை வளர்க்கிறது. அத்தோலில் ஏறக்குறையப் பாதி உலோகத்தின் உள்நோக்கியும் பாதி வெளிநோக்கியும் வளரும். தொட்டியைப் பனிக்கட்டியின் குளிரளவுக்கு வைத்து மின்னோட்டத்தைக் கூட்டினால், தோல் தடிப்பும் கடினமும் பெறும். அந்தக் கடினத் தோலின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஐம்பது பங்களவு. நம் தலைமயிரைவிட மெல்லியது. ஆயினும் சாதாரண இரும்பரத்தால் அதனை எளிதிற் கீற இயலாது.

இங்கே எங்கள் கடலுக்கு வரவேண்டியிருக்கிறது. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றே 'ஹேர்மீஸ்' என்ற ஆங்கிலேய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அன்று வானில் வந்தவற்றுள் 'சீரோ' என்ற போர்விமானமும் இருந்தது. அதன் சிறகைத் தாங்கும் முதன்மைச் சட்டம், யப்பானிய சுமித்தோமோ நிறுவனம் உருவாக்கிய, நாகம் சேர்ந்த புதிய அலுமினியக் கலப்புலோகத்தால் ஆனது. விமானம் இலேசாகவும் நெடுந்தூரம் பறக்கவல்லதாகவும் இருந்தமைக்கு அதுவும் ஒரு காரணம். அடுத்த ஆண்டு, அதாவது 1943இல், அமெரிக்க அல்கோவா நிறுவனம் அதற்கு மிக நெருங்கிய உறவுடைய கலப்புலோகம் ஒன்றை வெளியிட்டது. 7075 என்பது அதன் எண். நூற்றுக்கு ஏறக்குறைய 5.6 பங்கு நாகமும் 2.5 பங்கு மகனீசியமும் 1.6 பங்கு செம்பும் அதிலுண்டு.

போர் முடிந்து பத்தாண்டு செல்லுமுன், விமானம் கட்டும் நிறுவனம் ஒன்றின் கிளையாகிய ஆர்மலைற், விமான உலோகத்தாலேயே துவக்கின் உடலைச் செய்ய முற்பட்டது. யூஜின் ஸ்ரோனர் அமைத்த அத்துவக்கின் உடல், மேல் ஒன்று கீழ் ஒன்று என இரண்டு அலுமினியப் பாகங்களாக, இரு முளைகளாற் பொருத்தப்பட்டது. 1960களில் எம் 16 என்ற பெயரோடு அமெரிக்கப் படையின் கைக்கு வந்ததும், பின்னர் இலங்கை உட்படப் பல நாடுகளைச் சென்றடைந்ததும் அவ்வமைப்பே. என் கண்முன் நின்றதும் அதுதான்.

இரும்புக்குப் பழுப்பும் நீலமும் போல, இந்த அலுமினிய உடலுக்கு அனோடைஸ் தோல். அத்தோலின் நிறம் எதனைப் பொறுத்தது? மருதமுனையின் சாயத்தொட்டிகளைக் கண்டவர்க்கு இதனை விளக்குவது எளிது. அவ்வூரிற் கைத்தறித் தொழில் செய்யும் நண்பர் ஒருவர் ஒருமுறை என்னிடம் சொன்னார்: "சேர், தொட்டி ஒன்றுதான், சாயமும் ஒன்றுதான். ஆனால் முதலிற் போட்ட சிட்டம் குடித்த அளவு கடைசிச் சிட்டத்துக்கு மிஞ்சாது." ஆகையால் ஒரு சாறனுக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே தோய்ச்சலில் எடுக்கவே அவர்கள் முயல்வார்கள். நூலின் முறுக்கு வேறுபட்டாற் சாயம் வேறுபடும். தொட்டியின் சூடு வேறுபட்டாலும் வேறுபடும். கழுவிய நீர் உவராக இருந்தாற்கூட வேறுபடும். நிழலில் ஒன்றாகத் தெரிந்த இரு சிட்டங்கள் வெயிலில் வேறாகத் தெரிவதும் உண்டு. அதனால் முற்றத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தபின்பே அவர்கள் முடிவு சொல்வார்கள்.

அனோடைஸ் தொட்டியிலும் கதை இதுவே. வளர்ந்த தோலில் கண்ணுக்குப் புலப்படாத எண்ணற்ற நுண்துளைகள் இருக்கும். சாயம் ஏற்றுவதாயின் அத்துளைகளில் ஏற்றி, பின்னர்க் கொதிநிலைக்கு அண்மையான நீரிலோ நிக்கல் உப்புக் கரைசலிலோ இட்டு வாயை மூடுவார்கள். சாயம் ஏற்றாவிட்டாலும் கடினத் தோலுக்குத் தனக்கென ஒரு நிறம் உண்டு. சாம்பலிலிருந்து கருஞ்சாம்பல் வரை, சிலவேளை பழுப்புக் கலந்தும் வரும். தோல் தடிக்கத் தடிக்க நிறம் கருக்கும். செம்பு கூடிய கலப்புலோகம் ஒரு சாயலும், வார்ப்பு அலுமினியத்திலுள்ள சிலிக்கன் இன்னொரு சாயலும் தரும். ஒரே எண்ணுடைய கலப்புலோகமாயினும், உருக்கிய நாள் வேறானாற் சிறு வேற்றுமை உண்டாகும். மணல் வீசி மங்கலாக்கிய பரப்பும் வழுவழுப்பான பரப்பும் ஒளியை ஒரேவிதமாகத் திருப்பா. இத்தனைக்கும் மேலாக, சாயம் வெயிலில் வெளிறும். துளைவாய் சரிவர மூடப்படாத கறுப்பு, காலப்போக்கில் ஊதாவாகத் திரும்பும். உம்மாவின் கண்ணாடி அலுமாரியில் சிவப்பு, நீலம், பச்சை, பொன் என்று நிறமூட்டிய அலுமினியக் குவளைகள் ஆறு இருந்தன. அவற்றுள் ஒன்றைக் கிணற்றுக்கட்டில் வைத்துப் பழகினோம். இரண்டு ஆண்டுகளில் அது மற்றவற்றின் உடன்பிறப்பு என்று சொல்ல முடியாதபடி மாறிவிட்டது. அதற்காக நான் வாங்கிய ஏச்சு இன்னும் காதில் நிற்கிறது.

முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன மாணிக்கக் கற்களுக்கு இப்போது வருவோம். அனோடைஸ் தோல் என்பது வேதியியல் முறையில் அலுமினிய ஒட்சைட்டு. இரத்தினபுரி மண்ணில் அகழ்ந்தெடுக்கும் நீலமும், லெவ்கே பீரங்கியில் ஒளிரும் மாணிக்கமும் அதே அலுமினிய ஒட்சைட்டுத்தான். ஆனால் அவை பளிங்காக உறைந்தவை. சிறிதளவு குரோமியம் கலந்தால் மாணிக்கம் சிவக்கும். இரும்பும் தைற்றேனியமும் சிறிது கலந்தால் அதுவே நீலமாகும். துவக்கின் தோலில் நிறம் பிறக்கும் வழி வேறானாலும், பொருள் ஒன்றாயிருக்க, மிகச் சிறிய அயற்கலப்பு கண்ணுக்குத் தெரியும் நிறத்தை மாற்றிவிடுவது இரண்டிலும் ஒன்றே. பேருவளைக் கல் வியாபாரி ஒருவரிடம் சென்று, இரண்டு நீலங்கள் ஒரே நிறமாக இல்லையே என்று குறைசொன்னால் அவர் சிரிப்பார். துவக்கு வாங்கும் மேல்நாட்டவரோ, மேலுடலும் கீழுடலும் ஒரே கறுப்பாக இல்லையே என்று இன்றும் குறைசொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

படைகள் அவ்வாறு குறைசொல்லவில்லை. தோலின் தடிப்பு, தேய்வைத் தாங்கும் வலிமை, அரிப்பைத் தாங்கும் வலிமை ஆகியவற்றையே அவை அளந்து பார்த்தன. தொடக்க காலத்து எம் 16 உடல்கள் சாம்பல் நிறமாகவே இருந்தன. பின்னர் வந்தவை கருமை மிகுந்தவை. 1968 முதல் கோல்ட் நிறுவனத்தோடு ஜெனரல் மோட்டார்ஸின் ஒரு பிரிவும், ஹரிங்டன் அண்ட் ரிச்சர்ட்சன் நிறுவனமும் அவற்றைச் செய்தன. தொழிற்சாலை வேறு, தொட்டி வேறு, நாள் வேறு. ஆனால் முளைத் துளைகளின் அளவு ஒன்று. பழுதுபார்க்கும் கூடத்தில் நூறு துவக்குகளைப் பிரித்துக் குவித்துத் திரும்பப் பூட்டினால் என்னவாகும்? எல்லாம் பொருந்தும், எல்லாம் சுடும், நிறம் மட்டும் தன் பிறப்பிடத்தைச் சொல்லிக்கொண்டேயிருக்கும். பிளாங்க் 1785இற் கண்ட கனவு இரு நிறமாகத்தான் நனவாயிற்று. வரிசையில் நின்ற சிறுவன் 'ஒட்டியது' என்று நினைத்ததிற் பாதி உண்மை இருந்திருக்கலாம். 'சுடாது' என்று நினைத்ததில் உண்மை சிறிதும் இல்லை.

வரலாற்று மாணவன் இவ்விடத்தில் அவசரப்படலாகாது. இரு நிறம் கண்டவுடன் பின்னாளிற் பாகம் மாற்றப்பட்டது என்று எழுதிவிடுதல் தவறு. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே வேறுபட்டிருக்கலாம், பாகம் மாற்றப்பட்டிருக்கலாம், ஒரு பாகம் வெளிறியிருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. முளைகளைக் கழற்றி, வெயிலும் கையும் படாத உட்புறத்தைப் பார்க்கவேண்டும். உட்புறங்கள் ஒத்திருந்து வெளிப்புறங்கள் மாத்திரம் வேறுபட்டால், பிரித்தது வெயில். உட்புறமும் வேறுபட்டால் தொட்டி வேறு. அவ்வாறாயின் மூலைகளின் தேய்வை நோக்கவேண்டும். இரு பாகங்களிலும் தோல் தேய்ந்து வெள்ளுலோகம் தெரியும் அளவு ஒத்திருந்தால், அவை நெடுநாள் ஒன்றாக உழைத்தவை. ஒன்று மிகத் தேய்ந்து மற்றது கூர்மையாக இருந்தால், பின்னது புதிய வரவு. சாசனத்தில் எழுத்தின் வடிவை நோக்கிக் காலத்தைக் கணிப்பது போன்ற வேலைதான் இது.

இக்காரணத்தாலேயே நூதனசாலைகளில் பழைய ஆயுதங்களுக்குப் புதுநிறம் ஏற்றுவதைத் தவிர்க்கிறார்கள். துருவின் பரவலை நிறுத்துவார்கள், அழுக்கை அகற்றுவார்கள், அதற்குமேற் கைவைக்கமாட்டார்கள். சந்தையில் நிலைமை வேறு. எல்லாப் பாகங்களையும் தேய்த்து, ஒரே கருந்தொட்டியில் அமிழ்த்தி எடுத்தால், பொருள் புதியது போலத் தோன்றி நல்ல விலைக்குப் போகும். குழலின் அடியிலே பதித்திருக்கும் சோதனை முத்திரையும் தேய்ப்போடு தேய்ந்துபோகும். விற்றவனுக்கு இலாபம், அந்தப் பொருள் கடந்துவந்த கைகளைப் பற்றிக் கேட்பதற்கு அதன்பின் யாரிடமும் விடை இல்லை.

இதனை நான் ஏட்டிலிருந்து சொல்லவில்லை. மூத்தவாப்பாவின் இறுதிக் காலத்தில், குடும்பத்தில் ஒருவர் அந்தக் கேப்புத் துவக்கை அழகுபடுத்த விரும்பினார். அவர் மனத்திற் கெடுதி இல்லை. கிழவரை மகிழ்விக்க எண்ணினார். பட்டடைக்காரர் ஒருவர் குழலின் பழுப்பையும், தகட்டின் பல்வண்ணத்தையும், பித்தளைக் காப்பையும் ஒருசேரத் தேய்த்து முழுவதையும் கறுப்பாக்கித் தந்தார். பித்தளைக் காப்பு மூலக் காப்பன்று, ஆங்கிலக் காப்பு உடைந்தபோது நம்மூர்க் கன்னான் வார்த்துக் கொடுத்தது என்று மூத்தவாப்பா ஒருமுறை சொல்லியிருந்தார். அந்தக் கன்னானின் கைவேலை அத்துவக்கில் இருந்ததற்கு அடையாளம் அந்த நிறம் ஒன்றே. குழலின் அடியில் இருந்த சிறு முத்திரைகளை நான் எழுதி வைத்திருக்கவில்லை. அவ்வயதில் அது எனக்குத் தோன்றவுமில்லை. துவக்கைக் கையில் வாங்கிய மூத்தவாப்பா அதனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லவில்லை. எண்ணெய்த் துணியையும் கேட்கவில்லை.

அவர் மறைந்தபின், போர்க்காலத்தில் அந்தத் துவக்கை வாப்பா உரிய இடத்தில் ஒப்படைத்தார். அது திரும்பி வரவில்லை. வரும் என்று அவர் எதிர்பார்க்கவுமில்லை. வயற்காணி உறுதிகள் வைத்திருக்கும் தகரப் பெட்டியில் அதற்குரிய பற்றுச்சீட்டு இன்னும் இருக்கிறது. குழல் ஒன்று, கட்டை ஒன்று என்று எழுதி, நிறத்துக்கு நேரே 'கறுப்பு' என்று ஒரு சொல் எழுதப்பட்டிருக்கிறது.